பதினாலாம் நம்பர் ஸ்க்ரூ டிரைவர்

டேய் கண்ணா, இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி. நீயும் மருமகளும் கடற்கரைக் கோயிலைப் பார்க்கக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது. உன் போனை எங்கள் அறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போனாயே, அது இதற்குள் இரண்டு தரம் அடித்து ஓய்ந்துவிட்டது. நான் தொடவில்லை. அது ஏன் அடிக்கிறது என்று கடைசியில் சொல்கிறேன். இந்த ரிசார்ட்காரன் மேசையில் வைத்திருக்கிற சங்குப் படம் போட்ட காகிதத்தில்தான் எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே நேற்றைய ரிசப்ஷன் மேடையைப் பிரிக்கிறார்கள். உன் மாமனார் வீட்டில் ஆசை ஆசையாக நிறுத்திய பன்னிரண்டடி சண்டை விமான கட்அவுட்டைத் தரையில் போட்டு இரண்டு பேர் மிதித்து மடக்குகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் நாஸ்தா சாப்பிடும்போது நீ சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாய். நானும் உன் தோளைத் தட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீ சொன்னதை நீ சொன்ன மாதிரியே எழுதுகிறேன். காகிதத்தில் பார்த்தால்தான் அதன் லட்சணம் உனக்குத் தெரியும். "லீவுக்கு முந்தின நாளு ஹெலிகாப்டர்ல தரைப் பலகையத் தொறந்து வேல பாத்துகினு இருந்தோம் நைனா. முடிச்சிட்டுப் பாத்தா ஒரு சின்ன சாக்கெட்டக் காணோம். தேடுனேன், கெடைக்கல. ரிப்போர்ட்டு பண்ணா மெஷின நிறுத்திடுவானுங்க, ஒருத்தனுக்கும் லீவு கெடையாது. அப்பறம் கல்யாணம் இன்னா ஆவுறது? நேரா பஜாருக்குப் போனேன், அதே மாரி ஒண்ணு வாங்குனேன், போர்டுல மாட்டிட்டேன். போர்டு ஃபுல்லு, லீவு ஓகே! எல்லாம் நான் பொறந்தப்போ நீ பண்ண டெக்னிக்கு தான்!" இதுதான் நீ சொன்னது. மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள்.

மருமகளும் இதைப் படிப்பாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண்ணுக்கு விமானப்படை மெக்கானிக்குகளான எங்கள் டூல் போர்டு தெரியாது, அதனால் அவளுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் சிவப்பில் வரைந்திருப்போம் அம்மா. ஸ்பேனருக்கு ஸ்பேனர் உருவம், சுத்தியலுக்குச் சுத்தியல் உருவம், நட்டு முடுக்குகிற சாக்கெட்டுக்குச் சாக்கெட் உருவம். வேலை முடிந்ததும் அதனதன் சிவப்பை மறைத்து அதை மாட்ட வேண்டும். ஒரே ஒரு இடத்தில் சிவப்பு தெரிந்தாலும் அந்தக் கருவி மெஷினுக்குள் எங்கேயோ கிடக்கிறது என்று அர்த்தம். அது கிடைக்கிற வரைக்கும் மெஷின் பறக்கக் கூடாது. உன் புருஷன் அந்தச் சிவப்பை பஜார் சாமானை வைத்து மறைத்துவிட்டு வந்து உனக்குத் தாலி கட்டியிருக்கிறான். அந்த ஹெலிகாப்டர் அன்றிலிருந்து நேற்று வரைக்கும் மலைமேல் இருக்கிற காவல் நிலைகளுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போய், வரும்போது நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. சாக்கெட் அதன் வயிற்றுக்குள் உருண்டுகொண்டிருக்கிறது.

கோபம் உன்மேல் மட்டும் இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கும்! இல்லையே. இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே. செங்கல்பட்டு வீட்டில் உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக்கை வெட்டி முடித்ததும் யாராவது ஒருத்தர், "அந்த ஸ்க்ரூ டிரைவர் கதைய எடுத்து வுடு" என்பார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு ஆரம்பிப்பேன். நீ பிறக்கப்போகிற சமயம், மறுநாள் எனக்கு ரயில் டிக்கெட், அன்றைக்குப் பார்த்து ஒரு குட்டை ஸ்க்ரூ டிரைவர் காணாமல் போய்விட்டது, பஜாருக்கு ஓடி அதே மாதிரி ஒன்று வாங்கி மாட்டிவிட்டு ரயிலைப் பிடித்தேன், பெரியாஸ்பத்திரி வாசலில் நான் இறங்கவும் உள்ளே நீ அழவும் சரியாக இருந்தது. கை தட்டுவார்கள். "உங்கப்பா பெரிய கில்லாடி" என்று உன் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அந்தக் கதையில் பாதிதான் நீ கேட்டது. மீதிப் பாதியை நான் யாருக்கும் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கும் சொன்னதில்லை.

நேற்று மேடையில் என்னை எதற்கு ஏற்றினார்கள் என்று நீ பார்த்தாய் அல்லவா? கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு நின்றேன். உன் மாமனாரின் தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு எந்த நாட்டிடம் எத்தனை சண்டை விமானம், நம்மிடம் எத்தனை, புதிதாக எத்தனை வரப்போகிறது என்று ஒப்பித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா சம்பந்தி, நீங்க ஃபைட்டரு தான? நம்ம பசங்க ஒரு தட்டு தட்டுனா அவனுங்க காலி, கரெக்டா?" என்றார். நான் "ஆமா" என்று பல்லைக் காட்டினேன். தூ! இருபது வருஷத்தில் ஒரு சண்டை விமானத்தின் டயருக்குக்கூட நான் காற்று அடித்ததில்லை. முதலில் சரக்கு விமானம், அப்புறம் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஹெலிகாப்டர். அதைச் சொன்னால் முகம் சுண்டிவிடுமே என்று பொய் சொன்னேன்.

விமானப்படை என்றால் இவர்களுக்கு கூர் மூக்கும் நெருப்பு வாலும்தான். சண்டை விமானம் வேண்டாம் என்று யார் சொன்னது? எல்லையில் அது எழும்பி நிற்கிறதால்தான் இவர்கள் இங்கே ஐஸ்கிரீம் தின்கிறார்கள். ஆனால் அது எழும்ப வேண்டுமென்றால் வெகுதூரம் முன்னாலேயே பார்க்கிற ரேடார் விமானம் வேண்டும், வானத்திலேயே எண்ணெய் ஊற்றுகிற டாங்கர் வேண்டும், ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பயிற்சி விமானம் வேண்டும். சரக்கு விமானம் ஜவான்களையும் ஜீப்பையும் பனிமலையில் கொண்டுபோய் இறக்கும், வேறு நாட்டில் சண்டை மூண்டால் நம் ஜனங்களை அள்ளிக்கொண்டு வரும். ஹெலிகாப்டர் வெள்ளத்தில் மொட்டை மாடிக்கு மேலே நின்று கயிறு விடும். செய்யூரில் உன் அத்தை வீட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றபோது அவள் அண்ணாந்து பார்த்தது எதை? சண்டை விமானத்தையா? இத்தனையும் சேர்ந்ததுதான் படை. அதன் பலம் பட்டியலில் எத்தனை இருக்கிறது என்பதில் இல்லை கண்ணா. இன்று காலை எத்தனை எழும்பும், எழும்பியதில் எத்தனை திரும்பி வரும், அதில் இருக்கிறது. அதை முடிவு செய்கிறவர்கள் மேடையில் இல்லை. கிரீஸ் படிந்த கையோடு டூல் போர்டு முன்னால் நிற்கிற நீயும் நானும்தான். நாம் இரண்டு பேரும் என்ன செய்தோம் என்று பார்.

இப்போது மேத்யூ சாரிடம் வருகிறேன். காலையில் நமக்கு எதிரே ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு இடியாப்பம் சாப்பிட்டாரே, அவர்தான். என் பழைய யூனிட் பைலட், சென்னையில் இருக்கிறார் என்று மட்டும் உனக்குத் தெரியும். நீ அந்த டெக்னிக் கதையைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. "மோனே, நீ எந்த வருஷம், எந்த மாசம் பொறந்தே?" என்று தன் மலையாளத் தமிழில் கேட்டார். நீ சொன்னாய். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, உன் தலையில் கையை வைத்தார். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே போனார். அவருக்கு உடம்பு முடியவில்லை போல என்று நீ என்னிடம் சொன்னாய். அவர் கணக்குப் போட்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

இதுதான் மீதிப் பாதி. உன்னைப் பார்த்துவிட்டு, பத்து நாள் தூக்கிக் கொஞ்சிவிட்டு நான் யூனிட்டுக்குத் திரும்பினேன். திரும்பிய மூன்றாம் நாள் அந்தப் பக்கத்து ஆறு கரையை உடைத்தது. கூரைமேல் ஜனங்கள் ஏறி நிற்கிறார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் போட வேண்டும். மேத்யூ சார் அதே ஹெலிகாப்டரை எடுத்தார். அவருக்கு அப்போது உன் வயதுகூட இல்லை. ஏறும்போது என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, புள்ளைக்கு என்ன பேரு?" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். பேரைச் சொன்னேன். கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார். நான் அவரைக் கையசைத்து அனுப்பினேன். தரைப் பலகைக்கு அடியில் என் ஸ்க்ரூ டிரைவர் கிடக்கிறது என்று தெரிந்தே அனுப்பினேன். இத்தனை நாள் பறந்ததே, ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் நீ சொன்னாயே, "ஒண்ணும் ஆவல நைனா" என்று, அதே வார்த்தை.

முதல் வீட்டை எட்டுவதற்கு முன்னால் அவர் கையில் இருந்த கட்டுப்பாட்டுக் கம்பி இறுகிவிட்டது. எப்படியோ இழுத்துப் பிடித்து ஒரு மேட்டு நிலத்தில் இறக்கினார். இறக்கினார் என்ன, விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். அவருக்கு முதுகெலும்பு போயிற்று. மறுநாள் மெஷினைப் பிரித்து எடுக்க எங்கள் ஆட்களை அனுப்பினார்கள். நான் முந்திக்கொண்டு உள்ளே தவழ்ந்தேன். எங்கே தேட வேண்டும் என்று எனக்குத்தானே தெரியும். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் கடித்த மாதிரி மாட்டியிருந்தது. பிடுங்கி காலுறைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்து, "உள்ளே ஒன்றும் இல்லை சார்" என்றேன். விசாரணை நடந்தது. டூல் போர்டைப் பார்த்தார்கள். ஃபுல். மெஷினில் பழுது இல்லை, ஓட்டியவர் பிழை என்று எழுதினார்கள். அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கம்பி இறுகியது, இறுகியது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் நம்பவில்லை. கொஞ்ச நாளில் அவரே தன்னை நம்பாமல் போய்விட்டார். அப்புறம் அவர் பறக்கவே இல்லை.

அந்தக் கூரைகளில் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை. சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்திருப்பார்கள். பிறகு சத்தம் நின்றிருக்கும். அன்றைக்கு வேறு மெஷின் அந்தப் பக்கம் போகவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே என்று விசாரிக்காமல் இருந்தேன். எவ்வளவு கேவலமான ஆள் பார் உன் அப்பன்! மேத்யூ சாருக்குப் பொங்கலுக்குப் பொங்கல் ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போவேன். "நீ ஒருத்தன்தான்பா என்னை மறக்காதவன்" என்று அவர் கண் கலங்குவார். நானும் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வருவேன். கருமம், எனக்கு எப்படி அந்தக் காபி இறங்கியது? உன் கல்யாணப் பத்திரிகையை அவர் கையில் கொடுத்து, கட்டாயம் வர வேண்டும் என்று கூப்பிட்டவனும் நான்தான்.

நம் வீட்டில் "பதினாலு" என்று ஒன்று உண்டு. மஞ்சள் கைப்பிடி போட்ட குட்டை ஸ்க்ரூ டிரைவர். மிக்ஸி லூசானால் பதினாலு, உன் சைக்கிள் பெல் ஆடினால் பதினாலு. பொத்தேரியில் மருமகள் படித்த காலத்து ஹாஸ்டல் டேபிள் ஃபேனைக்கூட நீ அதைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் ரிப்பேர் பண்ணிக் கொடுத்தாயாம், அம்மா சொல்லிச் சிரிப்பாள். நேற்று வரவேற்பு வளைவின் கால் ஆடியபோதுகூட, "நைனா, பதினாலு எங்க?" என்று கேட்டு வாங்கி நீயே முடுக்கினாய். ஏன் அதற்கு அந்தப் பெயர் என்று சின்ன வயதில் கேட்டாய். கைப்பிடியில் பதினாலு என்று செதுக்கியிருக்கிறது, பழைய சாமான் கடையில் வாங்கினேன் என்றேன். அது எங்கள் போர்டில் அதன் நம்பர், பஜாரில் வாங்கியதிலும் அதையே செதுக்கித்தான் மாட்டியிருந்தேன். காலுறைக்குள் செருகிக்கொண்டு வந்தேனே, அதுதான் இது. தூக்கிப் போட்டால் யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்து வீட்டிலேயே வைத்தேன். உனக்குப் பல் முளைக்கும்போது நீ அதைத்தான் கடித்தாய்.

உனக்காகத்தான் அன்றைக்கு அப்படிச் செய்தேன் என்று ஒரு காலத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நீ நம்பிவிடாதே. நீ ஒரு நாள் கழித்து அப்பன் முகத்தைப் பார்த்திருந்தால் ஒன்றும் குறைந்திருக்க மாட்டாய். உன் கல்யாணத்தை ஒரு முகூர்த்தம் தள்ளி வைத்திருந்தால் உன் மாமனார் கத்தியிருப்பார், அவ்வளவுதான். மனைவி பெயரையும் பிள்ளை பெயரையும் சொல்லித்தான் இந்த ஈனத்தனத்தை எல்லாம் நாம் செய்கிறோம்.

காலையில் மேத்யூ சார் பின்னாலேயே ஓடினேன். வாசலில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "சார்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "என்கிட்ட அப்புறம் பேசலாம். முதல்ல உன் பையனோட மெஷின நிறுத்து" என்றார். கார் கிளம்பிவிட்டது.

நிறுத்திவிட்டேன். நீ மருமகளோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தபோது நான் நீச்சல் குளத்துப் பக்கம் நின்று உன் யூனிட் வாரண்ட் ஆபீசருக்கு போன் செய்தேன். பத்திரிகை அனுப்ப நீயே கொடுத்த நம்பர்தான். உன் பெயரையும் உன் நம்பரையும், நீ மாட்டியது பஜார் சாக்கெட் என்பதையும் சொன்னேன். அவர் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்றைக்குக் காலை ஏற வேண்டிய மெஷின் அது. ஏறாது" என்றார். ஆமாம்டா, உன்னைக் காட்டிக்கொடுத்தது உன் அப்பன்தான். கல்யாணத்துக்கு மறுநாளே. லீவை ரத்து செய்வார்கள். விசாரணை வைப்பார்கள். உன் பதவி உயர்வு போகலாம், வேலையேகூடப் போகலாம். உன் மாமனார் வீட்டில் அந்தக் கட்அவுட்டைவிடப் பெரிதாகப் பேசுவார்கள். என்னைத் திட்டு. என்னோடு பேசாமல்கூட இரு. அதைத் தாங்கிக்கொள்வேன்.

அம்மா இப்போதுதான் எட்டிப் பார்த்து, "இன்னாங்க, காலையிலேர்ந்து எழுதிகினே கீறீங்க, மூஞ்சியே சரியில்லையே?" என்றாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. பையிலிருந்து பதினாலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "இத இனிமே என் வூட்டுக்குள்ள கொண்டாராத" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை. அதை எடுத்துக்கொண்டு நான் மேத்யூ சார் வீட்டுக்குக் கிளம்புகிறேன். அவர் கையில் கொடுப்பேன். எந்த அதிகாரி முன்னால் நின்று சொல்லச் சொன்னாலும் அங்கே போய் நின்று சொல்லுவேன். பென்ஷன் போனால் போகட்டும்.

உனக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மெஷினை நான் நிறுத்திவிட்டேன், ஆனால் நீ எந்தெந்தப் பலகையைத் திறந்தாய், எங்கே மண்டியிட்டாய், சாக்கெட் எந்தக் கையில் இருந்தது என்பது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எல்லாப் பலகையையும் பிரித்துத் தேடச் சில நாள் ஆகும், அதுவரைக்கும் மலைமேல் ஒரு நோயாளி காத்துக்கொண்டிருப்பான். ஞாபகம் இல்லை என்று சொல்லாதே. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். போன் இதோ மறுபடியும் அடிக்கிறது, இது மூன்றாவது தரம், உன் வாரண்ட் ஆபீசர்தான். நீ வந்ததும் நாலாவது தரம் அடிக்கும்.

எடுத்துப் பேசு.

உன் அப்பா